வீட்டில் தெரிந்தது தேர்வறையில் ஏன் மறக்கிறது?

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் எல்லாம் தெரிந்ததாகவே இருக்கிறது. ஆனால் அரையாண்டுத் தேர்வில் இயற்பியல் வினாத்தாளை வாங்கியதும் உள்ளங்கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, ஒரு டெரிவேஷன்கூட நினைவுக்கு வரவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது பாதி நினைவுக்கு வந்தது. மார்ச் பொதுத்தேர்விலும் இப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத மாணவி

பதில்: அன்பு மகளே, சைக்கிளை எடுக்கும்போது நினைவுக்கு வந்த பாதி, தேர்வறையிலும் உன்னிடம்தான் இருந்தது. ஒரு கணக்கைப் போடும்போது அடுத்தடுத்த படிகளை மனம் சிறிது நேரம் பிடித்து வைத்திருப்பதைச் செயல்நினைவு என்பார்கள். அது மிகச் சிறிய இடம். 'மார்க் குறைந்தால் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்' என்ற கவலை அங்கே வந்து உட்கார்ந்துகொண்டால், காஸ் விதி வாசலிலேயே நின்றுவிடும். வியர்வையும் படபடப்பும், பதற்றத்தில் உடல் தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் வேலை. ஓட்டப்பந்தயக் கோட்டில் நிற்பவருக்கும் அவை உண்டு என்பதால், அவற்றைக் கண்டு தனியாக ஒரு முறை பயப்பட வேண்டாம்.

இனி மீதிப் பாதி. புத்தகத்தைத் திறந்தால் தெரிகிறது என்கிறாயே, அங்கேதான் சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, வெறும் தாளில் முதல் வரியை எழுதுவது வேறு. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பாடத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நீ இதுவரை அந்த ஐந்து நிமிடத் தேர்வுக்கே தயாராகியிருக்கிறாய்.

ஆகவே, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பழைய வினாத்தாளை எடுத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு உட்கார். பொதுத்தேர்வில் போலவே முதல் பத்து நிமிடம் படிப்பதற்கு, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்ப்பதற்கு, பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை எழுதுவதற்கு. நடுவில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவதோ, சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டுவதோ கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத கேள்விகளை எண்ணிக்கொண்டிருக்காமல், இரண்டு மதிப்பெண், மூன்று மதிப்பெண் பகுதிகளில் ஒன்பதுக்கு ஆறு எழுதினால் போதும் என்பதால், எந்த மூன்றை விடலாம் என்று முடிவு செய். கட்டாய வினாவை மட்டும் விட்டுவிடாதே. பிறகு பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்களில் தொடங்கினால் கை ஓடத் தொடங்கும். கையோடு மனமும் ஓடும். நடுவில் எங்காவது நின்றுபோனால், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, இழுப்பதைவிட மெதுவாக மூச்சை நான்கைந்து முறை வெளியே விட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடு. இப்படி ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் போனால், தேர்வறை உனக்குப் புதிய இடமாக இராது.

தேர்வுக்குச் சற்று முன் தன் பயங்களைப் பத்து நிமிடம் தாளில் எழுதித் தள்ளுவது உதவுகிறது என்று 2011இல் ஒரு சிகாகோ ஆய்வு சொன்னது. பின்னர் அந்த ஆய்வை மறுபடி செய்து பார்த்த சில ஆய்வாளர்களுக்கு அதே பலன் கிடைக்கவில்லை என்றாலும், ஒரு தாள்தானே செலவு, வேண்டுமானால் முயன்று பார்.

விடியற்காலை மூன்று மணிக்குப் பிள்ளையை எழுப்பிவிடுவதை நம் வீடுகளில் பெருமையாகச் சொல்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. படித்தது மனத்தில் தங்குவதற்குத் தூக்கமும் வேண்டும். உன் அம்மாவிடம் இந்தப் பத்தியை மட்டுமாவது காட்டு.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப்பார்த்தாலோ, வீட்டில் ஒருவரிடம் உடனே சொல். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வை எழுதியபின் எனக்கு மறுபடியும் கடிதம் எழுது. மதிப்பெண் வேண்டாம், எந்தக் கேள்வியில் கை நின்றது, மறுபடி எப்படி நகர்ந்தது என்பதை மட்டும் எழுது.