கொங்கு ஊரில் இருந்துகொண்டே கலைகளைப் பற்றி எழுதி, ஊர் சுற்றி, கைவேலையும் செய்து வாழ முடியுமா?

கேட்டவர் கல்லூரி முடித்து ஊருக்குத் திரும்பியவர் போலிருக்கிறது. சென்னைக்குப் போகாமல் இதைச் செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நான் காங்கயத்தில் இருந்துகொண்டு அதைத்தான் செய்கிறேன். வீட்டுச் செலவுக்கு ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கட்டுரைக்கு வரும் பணம் பயணத்துக்கும் தாள் வாங்கவும் சரியாகிவிடும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதால் பக்கத்து ஊர்ப் பயணங்கள் எனக்கு ரொம்பவே எளிதாகிவிட்டன. பணத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

கைவேலையில் நான் செய்வது நோட்டு. தாளை மடித்து, மடிப்பில் ஊசியால் துளை போட்டு, தேன்மெழுகு தடவிய நூலால் தைத்து, தறிகளில் மிஞ்சிய துண்டுத் துணியை அட்டை மேல் ஒட்டுவேன். மைதாப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) சேர்த்தால் பூச்சி அரிக்காது என்று பழைய பைண்டிங்காரர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். (அது நஞ்சு. சமையல் பாத்திரத்தில் காய்ச்ச வேண்டாம்.)

இந்த வேலை இல்லையென்றால் என்னால் எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். சென்னிமலைப் போர்வைத் துணி அட்டையின் மூலையில் சொன்னபடி மடங்கும். பவானி ஜமக்காளம் மடங்கவே மடங்காது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் பவானிக்குப் போனேன். குழித்தறி (நெய்கிறவர் குழிக்குள் கால் விட்டு உட்காரும் தறி) பக்கத்தில் நின்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அங்கே நெய்துகொண்டிருந்த அம்மா, "நின்னுக்கிட்டுப் பாத்தா என்ன தெரியும் அம்மிணி? கீழ உக்காரு கண்ணு" என்றார். உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. ஜமக்காளத்தில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், வெளியே தெரிவதில்லை. குறுக்கே போகும் தடித்த ஊடை நூலை அடித்து அடித்து நெருக்குவதால் பாவு முழுக்க உள்ளே மறைந்துவிடுகிறது. நாம் பார்க்கும் சிவப்பும் பச்சையும் மஞ்சளும் ஊடையின் நிறங்கள். ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவில் தார் (நூல் சுற்றிய குச்சி) மாறும் இடத்தில் நிறம் மாறும், அதனால்தான் பட்டை பட்டையாக வருகிறது. ரொம்ப அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் கை போக வேண்டும்.

பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கப்புறமும் விசைத்தறியில் ஓட்டிய மலிவு ஜமக்காளம் அதே பேரில் விற்கிறது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் "அழிந்துவரும் கலை" என்றே தொடங்குகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த அம்மா இன்று காலையிலும் தறியில் இறங்கியிருப்பார். உயிரோடு வேலை செய்கிறவருக்கு இரங்கல் எழுதி என்ன ஆகப்போகிறது? கூலி எவ்வளவு, நூல் யார் தருகிறார்கள், தார் யார் சுற்றுகிறார்கள், மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஏறினால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை அப்படியே எழுதினாலே, படிக்கிறவர் அடுத்த முறை கடையில் விலை கேட்கும் விதம் மாறும்.

எல்லாமே தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதும் உண்மையில்லை. வள்ளி, முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மியைப் பாருங்கள். முன்பு ஆண்களே ஆடியது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஆசிரியர் பத்ரப்பன் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இன்று ஊருக்கு ஊர் சாயங்காலத்தில் கோயில் திடலில் பயிற்சி நடக்கிறது. அரங்கேற்றத்தன்று ஒரே நிறச் சேலையில் பாட்டியும் மருமகளும் பேத்தியும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். நானும் பயிற்சிக்குப் போனேன். ஆசிரியரின் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு பாடிக்கொண்டே அடி மாற்றுவது எவ்வளவு கடினம் என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு, அதைப் பற்றி எழுதிய கட்டுரை வேறு மாதிரி வந்தது.

பயணம் என்றால் தூரம் போக வேண்டும் என்றில்லை. கனடாவைச் சேர்ந்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் எங்கள் பக்கத்து ஓலப்பாளையத்தில் வந்து குடியிருந்து, 1965இல் பொன்னர், சங்கர் சகோதரர்களைப் பற்றிய அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாடகர்கள் பாடப் பாடப் பல இரவுகள் ஒலிப்பதிவு செய்தார். கடல் தாண்டி வந்தவர் ஒரே ஊரில் அவ்வளவு காலம் இருந்தார் என்பது எனக்குப் பெரிய பாடம். நாம் பஸ் ஏறினால் போதும், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகலாம். நொய்யல் கரைக் கொடுமணலுக்கு நான் அப்படித்தான் போகிறேன். சங்க நூலான பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் அதுதான் என்கிறார்கள். அங்கே அகழாய்வில் வேலை பாதியில் நின்ற கல்மணிகளும் கிடைத்திருக்கின்றன. முடிந்த மணியைவிட அவைதான் எனக்குப் பிடிக்கும், செய்தவர் கை எந்த இடத்தில் இருந்தது என்று தெரிகிறதே.

சரி, எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். உடுமலை பக்கம் சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் தொடங்குங்கள் என்பேன். பொங்கலை ஒட்டி நடக்கும் திருவிழாவில், மாடு கன்று நோயில்லாமல் இருக்க வேண்டி மண்ணில் செய்த மாட்டு உருவாரங்களை வாங்கி வைப்பார்கள். அந்தப் பக்கத்து ஊர்களில் மார்கழி இரவுகளில் உருமிச் சத்தத்துக்குக் காளையோடு ஆடும் சலகெருது ஆட்டமும் உண்டு. உருவாரம் செய்கிறவரைத் தேடிப் போய், ஒரு பிடி மண் கேட்டு வாங்கி, நீங்களும் ஒரு மாடு செய்து பாருங்கள். கால் எப்படி நிற்கிறது, கொம்பு எப்போது ஒட்டுகிறார்கள், காயும்போது எங்கே வெடிக்கிறது என்று கேட்க உங்களுக்கே கேள்விகள் வரும். எழுதி முடித்ததும் பத்திரிகைக்கு அனுப்பும் முன் அவரிடமே போய் வாசித்துக் காட்டுங்கள். தப்பிருந்தால் அவர் சொல்வார். மார்கழியிலேயே போய்விடுங்கள்; பொங்கல் நெருங்கிவிட்டால் அவருக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது.