நாற்காலி இருந்தால் போதுமா?

கேள்வி: என் வயது 31. பி.காம். முடித்திருக்கிறேன். சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் விற்பனைப் பிரிவில் நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்கிறேன். இதய வால்வில் கோளாறு இருப்பதால் நெடுநேரம் நிற்கவும் பாரம் தூக்கவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து செய்யும் வேலையாக எதைத் தேடலாம்? மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கினால் அரசு வேலை எளிதாகக் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா?
வாசகி, அம்மாபேட்டை

பதில்: சகோதரி, சான்றிதழ் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடலாம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் இதய நோய் இடம்பெறவில்லை. ஆகவே அரசுப் பணிகளில் உள்ள 4 சதவீத ஒதுக்கீட்டை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். பணம் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வேறு வேலை அமையும்வரை இப்போதைய வேலையை விடாதீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியிருக்கிறது. மருத்துவரின் கடிதத்தைக் காட்டி, பில் போடும் இடத்துக்கோ சரக்குக் கணக்குப் பதிவுக்கோ மாற்றித் தருமாறு முதலாளியிடம் கேளுங்கள்.

உங்கள் படிப்புக்கு நேராகப் பொருந்துவது கணக்கு வேலைதான். டேலி என்னும் கணக்கு மென்பொருளும் ஜிஎஸ்டி தாக்கலும் கற்றுக்கொண்டால், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரிகள், லீ பஜார் மண்டிகள், ஜவ்வரிசி ஆலைகள் என்று சேலத்தில் விசாரிக்க இடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் உட்காரும் வேலை எல்லாமே லேசான வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கெடுவான மாதந்தோறும் 11, 20 தேதிகளை ஒட்டியும், வருமானவரித் தாக்கல் நடக்கும் ஜூலையிலும், தணிக்கை அறிக்கைகள் முடிய வேண்டிய செப்டம்பரிலும் இரவு வெகுநேரம் உட்கார வேண்டியிருக்கும். லாரி புக்கிங் அலுவலகங்களில் சரக்கு ஏறுவதே பெரும்பாலும் இரவில்தான். ஒரே வியாபாரியிடம் பகல்நேரக் கணக்காளராக இருப்பது, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், உங்கள் உடம்புக்கு ஏற்றது என்பது என் கருத்து. நேர்காணலில் சம்பளத்தோடு, அலுவலகம் எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, வங்கிக்கும் வரி அலுவலகத்துக்கும் அலைய வேண்டுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இரண்டு பேருந்து மாறி, நின்றுகொண்டே போய்ச் சேர வேண்டிய வேலை உங்களுக்குக் கடை வேலையைவிடப் பெரிதாக மேலானதன்று.

அரசுப் பணிதான் விருப்பம் என்றால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு இல்லாமலேயே படிக்கலாம். நேர்காணல் இல்லை, ஒரே எழுத்துத் தேர்வுதான். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சியும் உண்டு. வயது வரம்பு பிரிவுக்குப் பிரிவு மாறும் என்பதால் அறிவிக்கையை இப்போதே பார்த்துவிடுங்கள். தட்டச்சர் பணிக்கு முயல விரும்பினால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் எனப்படும் முதுநிலைத் தட்டச்சுத் தேர்வை முடித்திருப்பது நல்லது. ஆங்கில ஹையருக்கு நிமிடத்துக்கு 45 சொற்கள் அடிக்க வேண்டும். இளநிலை உதவியாளர் பணியில் மாநிலத்தின் எந்த மூலைக்கும் போட்டுவிடக்கூடும் என்பதை மட்டும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி செய்யலாம் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளில், முன்பணம் கேட்பவர் எவராயினும் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.