மார்கரெட் ரிவருக்கு இருவராகப் போக: கேட்டவர்களுக்குப் பதில்கள்

நானும் என் கணவரும் கோலாலம்பூரிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவருக்கு நான்கு முறை போய் வந்திருக்கிறோம். நான்கு முறையும் அந்த ஊர் இலையுதிர்காலத்தில்தான். திராட்சைத் தோட்டங்களுக்கு இருவராக மட்டும் போய்வர ஆசைப்படுகிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கெப்போங்கிலிருந்து, திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆன ஒரு தம்பி: "இலையுதிர்காலம் என்றால் அக்டோபர்தானே அக்கா? அப்போதுதான் லீவு கிடைக்கும்."

இல்லை தம்பி. அது பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற நாடுகளின் கணக்கு. ஆஸ்திரேலியாவில் மார்ச், ஏப்ரல், மே மூன்றும்தான் இலையுதிர்காலம். அக்டோபரில் போனால் அங்கே வசந்தம். காட்டுப்பூக்கள் அழகாக இருக்கும், ஆனால் திராட்சைக் கொடியில் அப்போதுதான் துளிர் விட்டிருக்கும்.

அறுவடையைப் பார்க்க வேண்டுமென்றால் மார்ச். வெள்ளை ஒயினுக்கான ஷார்டனே போன்ற பழங்களை பிப்ரவரியிலேயே பறிக்கத் தொடங்கிவிடுவார்கள். சிவப்பு ஒயினுக்கான காபர்னே சாவிஞ்யோன் மெதுவாகப் பழுக்கும், மார்ச் கடைசி, ஏப்ரல் வரை கொடியில் இருக்கும். அந்த நாட்களில் காலையில் ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் காற்றிலேயே புளித்த மணம் வரும். தொட்டிகளில் பழச்சாறு நுரைத்துக்கொண்டிருக்கும் மணம் அது. ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. மார்ச்சில் பகலில் 25 டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரியில் மெல்லிய ஸ்வெட்டர் போதும். மே மாதத்தில் மழை தொடங்கிவிடும். கொடியின் இலைகள் மஞ்சளாவது ஏப்ரல் கடைசியில்தான். என்னைக் கேட்டால் ஏப்ரலின் இரண்டாம் பாதி. கூட்டம் குறையும், கடைசிப் பழங்களையும் சில இடங்களில் பார்க்கலாம்.

மார்ச்சில் போகிறவர்களுக்கு ஒன்று. தோட்டங்களைச் சுற்றி மரி என்றொரு காட்டுமரம் உண்டு. கோடை முடிகிற நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். அந்தப் பூ நிறையப் பூத்த வருடம் குருவிகள் தேனைத் தேடி அங்கே போய்விடும். பூக்காத வருடம் திராட்சையைத் தின்ன வந்துவிடும். அதனால் கொடி வரிசைகளின் மேல் வலை போர்த்தியிருப்பார்கள். வலையைப் பார்த்தால் படம் எடுக்க முடியவில்லையே என்று வருத்தப்படாதீர்கள். அங்கே வேலை செய்கிறவரிடம் இந்த வருடம் மரி எப்படிப் பூத்தது என்று கேளுங்கள், அரைமணி நேரம் ஆசையாகப் பேசுவார்.

தேதி பார்க்கும்போது ஈஸ்டர் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள். மாநிலத் தலைநகரான பெர்த்தின் ஆட்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். நோன்புப் பெருநாளும் 2026, 2027 இரண்டு வருடத்திலும் மார்ச்சில் வருகிறது, அந்த வாரங்களில் இங்கிருந்து டிக்கெட் விலை ஏறும்.

பட்டர்வொர்த்திலிருந்து: "நாப்பா பள்ளத்தாக்கா, மார்கரெட் ரிவரா? எங்களுக்கு ஆறு நாள்தான் இருக்கிறது."

ஆறு நாளில் அமெரிக்கா போனால் அதில் ஏறக்குறைய இரண்டு நாள் பயணத்திலேயே போய்விடும். மிச்ச நாளில் பாதி தூக்கக் கலக்கம். கோலாலம்பூரிலிருந்து பெர்த்துக்கு ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். நேர வித்தியாசமே கிடையாது, நம் கடிகாரம்தான் அவர்கள் கடிகாரமும். பினாங்கிலிருந்து நீங்கள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ மாற வேண்டியிருக்கும். பெர்த்திலிருந்து தெற்கே 270 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். நம்மைப் போல அவர்களும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள்.

மலேசியப் பாஸ்போர்ட் இருந்தால் ஈ.டி.ஏ. என்ற பயண அனுமதியைக் கைப்பேசிச் செயலியிலேயே எடுக்கலாம், சேவைக் கட்டணம் 20 ஆஸ்திரேலிய டாலர். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யில் அனைத்துலக ஓட்டுநர் உரிமமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு நாளில் நான்கு ராத்திரியை மார்கரெட் ரிவரிலேயே வையுங்கள். ஊர் ஊராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். ஒரே வீடு, ஒரே சமையலறை. காலையில் எழுந்து பசியாறிவிட்டு, எங்கே போகலாம் என்று அப்போது இரண்டு பேரும் பேசி முடிவு செய்கிற பயணமாக இருக்கட்டும்.

பாயான் லெப்பாஸிலிருந்து: "என் மனைவிக்குச் சிவந்த இலைகள் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்குமா?"

கிடைக்காது. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மார்கரெட் ரிவர் பக்கத்துக் காட்டு மரங்கள் இலையுதிர்காலத்தில் மொத்தமாக இலை உதிர்ப்பதில்லை. மஞ்சளாவது திராட்சைக் கொடியும், வீடுகளில் நட்ட சில வெளிநாட்டு மரங்களும்தான். மனைவியின் ஆசை அதுவென்றால் அடிலெய்ட் போங்கள். அடிலெய்ட் மலைப்பகுதியில் ஸ்டெர்லிங், ஆல்ட்கேட் போன்ற சிற்றூர்களில் ஏப்ரல் கடைசியிலும் மே முதலிலும் மரங்கள் சிவந்து நிற்கும். அங்கேயும் ஒயின் தோட்டங்கள் உண்டு. ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பரோசா பள்ளத்தாக்கும் அடிலெய்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான்.

ஆனாலும் மார்கரெட் ரிவருக்கே போவதென்றால் போரனப் காட்டை விட்டுவிடாதீர்கள். வெளுத்த பட்டையோடு 60 மீட்டர் உயரம் வரை வளர்ந்த காரி மரங்கள். சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் பேசாமல் நடங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: "ஒரு நாளைக்கு எட்டு இடம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். சரியாக இருக்குமா?"

வேண்டாம். மூன்று போதும், மிஞ்சினால் நான்கு.

எங்கள் முதல் பயணத்தில் ஒரே நாளில் ஆறு செல்லர் டோர் ஏறி இறங்கினோம். ஒயினைச் செய்கிற இடத்திலேயே ஊற்றித் தந்து விற்கிற கூடத்துக்குத்தான் அங்கே செல்லர் டோர் என்று பெயர். நான்காவது இடத்தில் என் நாக்கு செத்துவிட்டது. எதை ஊற்றினாலும் ஒரே ருசி. ஐந்தாவதில் தலைவலி. ஆறாவது இடத்தில், வண்டி ஓட்டிக் களைத்திருந்த என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். அன்றைக்கு ராத்திரி இருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே ஒரு தோட்டத்துக்குப் போனோம். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர்கள் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. நான்கு பயணத்திலும் எனக்குப் பிடித்த நாள் அதுதான்.

இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று பழையது, ஒன்று சிறியது, ஒன்று சாப்பாட்டுக்கு என்று பாருங்கள். வாஸ் ஃபெலிக்ஸ் அந்த வட்டாரத்தின் முதல் வணிகத் தோட்டம். டாம் கல்லிட்டி என்ற பெர்த் இதய மருத்துவர் 1967இல் நட்டது. எனக்கு மனதுக்கு நெருக்கமானது கல்லன். கெவின் கல்லன், டயானா கல்லன் என்ற தம்பதி 1971இல் நட்டார்கள். அங்கே ஷார்டனேவுக்குக் கெவின் ஜான் என்று பெயர், காபர்னேவுக்கு டயானா மேட்லின். கணவன் பெயரில் ஒரு புட்டி, மனைவி பெயரில் ஒரு புட்டி. இருவராகப் போகிறவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம். விலை கூடுதல்தான், ஒரு வாய் ருசித்தாலே போதும்.

சுவைக்க 10 முதல் 25 டாலர் வரை கேட்பார்கள். புட்டி வாங்கினால் பல இடங்களில் கழித்துக்கொள்வார்கள். ஒரு டாலருக்கு மூன்று மலேசிய வெள்ளி என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். பெரும்பாலும் மாலை ஐந்துக்குள் மூடிவிடுவார்கள், சனி ஞாயிறென்றால் முன்பதிவு செய்துவிடுங்கள்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து ஒரு தங்கை: "ஒயினைப் பற்றி ஒன்றுமே தெரியாது. போனால் அலட்சியமாகப் பார்ப்பார்களா?"

பார்க்க மாட்டார்கள். முதல்முறை என்று சொல்லிவிட்டால் இன்னும் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள். உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள், உங்கள் நாக்குக்குத் தெரியும். கொய்யாக்காய் தோலோடு கடித்தால் வாய் இழுக்குமே, அந்தத் துவர்ப்புத்தான் காபர்னேயில் இருப்பது. கெட்டியான தோலிலிருந்து இறங்குகிறது. எலுமிச்சையை நினைத்தால் எச்சில் ஊறுமே, அந்தப் புளிப்பு செமியோனும் சாவிஞ்யோன் ப்ளாங்கும் கலந்த வெள்ளை ஒயினில் இருக்கும். நமக்குத் தெரிந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

கொஞ்சமாக உறிஞ்சி வாயெங்கும் சுழற்றிவிட்டு, மேஜையில் இருக்கும் பாத்திரத்தில் துப்பிவிடலாம். அது மரியாதைக் குறைவு இல்லை, அங்கே வேலை செய்கிறவர்களே அப்படித்தான் செய்வார்கள். அன்றைக்கு மட்டும் சென்ட்டும் தலையில் மல்லிகைச்சரமும் வேண்டாம். பாதி ருசி மூக்கில்தான் இருக்கிறது, பக்கத்தில் நிற்கிறவருக்கும் சேர்த்துக் கெட்டுவிடும்.

பூச்சோங்கிலிருந்து: "நான்தான் ஓட்டப் போகிறேன். ஒரு கிளாஸ் பரவாயில்லையா?"

ஓட்டுகிறவர் குடிக்கவே வேண்டாம். ரத்தத்தில் மதுவுக்குச் சட்ட வரம்பு 0.05 சதவீதம். ஆனால் சின்னச் சின்னதாக ஊற்றுவதைச் சேர்த்துப் பார்த்தால் எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. போலீஸ் எந்தச் சாலையிலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். இருவருக்கும் சுவைக்க ஆசையென்றால் ஒரு நாள் மட்டும் வேன் சுற்றுலாவில் சேர்ந்துகொள்ளுங்கள். இன்னொரு விஷயம், இருட்டும் நேரத்திலும் விடியற்காலையிலும் கங்காருக்கள் சாலைக்கு வரும். சாயங்காலத்துக்குள் வீடு சேருங்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து: "நாங்கள் சைவம். ஒயின் பழச்சாறுதானே?"

சாறுதான், ஆனால் அதைத் தெளிய வைக்கச் சிலர் முட்டையின் வெள்ளைக்கரு, பால் புரதம், மீனிலிருந்து எடுக்கும் பசை போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். பெண்டோனைட் என்ற களிமண்ணால் தெளிய வைப்பவர்களும் உண்டு. கூடத்தில் விலங்குப் பொருள் சேராத வீகன் ஒயின் எது என்று நேராகக் கேளுங்கள், எடுத்துக் காட்டுவார்கள். சாப்பாட்டுக்கும் முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள்.

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி: "என் அப்பாவைச் சம்சுச் சாராயம்தான் கொன்றது. கணவர் நல்லவர், எப்போதாவது ஒரு கிளாஸ், அவ்வளவுதான். கல்யாண நாளுக்கு அங்கே போகலாம் என்கிறார். எனக்கு உள்ளே நடுங்குகிறது."

இந்தக் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன், தங்கச்சி.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் கள்ளுக்கடை வாசலில் சம்பள நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சம்சு எத்தனை வீட்டுத் தாலியை அறுத்தது என்றும் தெரியும். உங்கள் நடுக்கம் நியாயமானது. அதை விட்டுவிடச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கக் கூடாது.

முதலில் கணவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். எனக்கு எழுதியதையே அவருக்கும் எழுதிக் காட்டலாம். நீங்கள் நல்லவர் என்று சொல்கிற மனிதர், கேட்டால் புரிந்துகொள்வார்.

அதற்குப் பிறகும் இருவருக்கும் போகத் தோன்றினால், ஒயினைத் தொடாமலேயே அந்த ஊரில் நான்கு நாள் நிறைவாக இருக்கலாம். லேக் கேவ், ஜூவல் கேவ் என்று சுண்ணாம்புக் குகைகள் இருக்கின்றன. ஆகஸ்டா பக்கத்தில் 1896இல் திறந்த லூவின் முனைக் கலங்கரை விளக்கம் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலும் தென்பெருங்கடலும் சேருகிற இடம் அது, அங்கே காற்று பேச விடாது. பஸல்டனில் கடலுக்குள் 1.8 கிலோமீட்டருக்கு நீளும் மரப்பாலத்தில் கைகோத்து நடக்கலாம். சாக்லேட், பாலாடைக்கட்டி செய்கிற இடங்கள் உண்டு. தோட்டங்களின் சாப்பாட்டுக் கூடத்தில் குடிக்காமல் சாப்பிட்டு வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அங்கே போய் மனம் ஒப்பவில்லையென்றால் அன்றைக்கே கிளம்பிவிடலாம் என்று கணவரிடம் இங்கேயே ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். போகவே வேண்டாம் என்று தோன்றினால் கேமரன் மலைக்குப் போங்கள். உங்கள் கல்யாண நாள் அது, உங்கள் மனம் சொல்வதுதான் முடிவு.

கிளானா ஜெயாவிலிருந்து: "எத்தனை புட்டி கொண்டு வரலாம்? நம் மீன்தலைக் கறிக்கு எது சேரும்?"

மலேசியாவுக்குள் ஆளுக்கு ஒரு லிட்டர் வரை வரியில்லை. வெளிநாட்டில் 72 மணி நேரமாவது தங்கியிருக்க வேண்டும். ஒரு புட்டி 750 மில்லிலிட்டர், ஆகவே தம்பதிக்கு இரண்டு. அதற்கு மேல் என்றால் வரி கட்டுங்கள். துணியில் நன்றாகச் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.

மீன்தலைக் கறிக்குக் காபர்னே வேண்டாம். துவர்ப்பும் சாராய வீரியமும் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். செமியோன் கலந்த வெள்ளை ஒயினைக் குளிரவைத்து ஊற்றுங்கள், புளிக்குப் புளி ஒத்துப்போகும்.

ராவாங்கிலிருந்து ஒரு அம்மா: "மருமகளும் மகனும் போகிறார்கள். ஊறுகாயும் கறிவேப்பிலையும் கட்டிக் கொடுக்கலாமா? வழியில் கோயில் இருக்கிறதா?"

பச்சைக் கறிவேப்பிலை கண்டிப்பாக வேண்டாம் அம்மா, பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், அபராதமும் விழலாம். கடையில் மூடி விற்கிற ஊறுகாய், மசாலாத்தூள் என்றாலும் விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதிக் காட்டினால் பிரச்சினை இல்லை, மறைத்தால்தான் தொல்லை.

கோயில் இருக்கிறது. பெர்த்திலிருந்து தெற்கே போகிற வழியில், மண்டோகலப்பில் பால முருகன் கோயில். நாங்கள் ஒவ்வொரு முறையும் அங்கே இறங்கிக் கும்பிட்டுவிட்டுத்தான் மார்கரெட் ரிவர் பக்கம் வண்டியைத் திருப்புவோம். மகனிடம் பூஜை நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.