எட்டாம் நாளும் ஆறாயிரம் ஆண்டும்

அன்புள்ள ஐயா,

என் நாத்தனாருக்கு இது ஏழாம் மாதம். அவர் போகும் சபையின் வேதபாட வகுப்பில் ஒரு கையேடு கொடுத்திருக்கிறார்கள். பூமிக்கு வயது ஆறாயிரம்தான் என்பதற்கு அதில் மூன்று சான்றுகள். அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையில் பத்து வயதுப் பாறைக்கு ஆய்வகம் மூன்றரை லட்சம் வயது சொன்னதாம். டிஎன்ஏ கணக்குப்படி ஏவாள் ஆறாயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்தவளாம். குழந்தையின் ரத்தம் எட்டாம் நாளில்தான் நன்றாக உறையுமாம். அதனால்தான் விருத்தசேதனத்துக்கு (ஆண் குழந்தைக்குச் செய்யும் சுன்னத்துக்கு) கர்த்தர் அந்த நாளைக் குறித்தாராம். "அப்படியென்றால் பிறந்தவுடன் வைட்டமின் கே ஊசி எதற்கு? தானாகச் சரியாகிவிடுமே" என்கிறார். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஊசியைப் போடச் சொல்லுங்கள். எரிமலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிறக்கும் குழந்தையின் உடம்பில் வைட்டமின் கே மிகவும் குறைவு. நஞ்சுக்கொடி வழியாக அதிகம் வராது, தாய்ப்பாலிலும் கொஞ்சம்தான். அது இல்லாமல் ரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்கள் வேலை செய்யாது. முதல் வாரத்தில் தொப்புளிலோ மலத்திலோ ரத்தம் கசிவது இதனால்தான். ஆனால் டாக்டர்கள் அதிகம் பயப்படுவது அதற்கு அல்ல. இரண்டு வாரம் தாண்டி, சில சமயம் நாலைந்து மாதம் கழித்துக்கூட, நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குத் திடீரென்று மூளைக்குள் ரத்தம் கசியலாம். எட்டாம் நாளோடு எல்லாம் சரியாகிவிடும் என்றால் இது வரவே கூடாதே! தொடையில் போடும் ஒரு மில்லிகிராம் ஊசி இதைத் தடுக்கிறது.

மூன்றாம் நாளைவிட எட்டாம் நாள் பாதுகாப்பானது என்றே வைத்துக்கொள்வோம். பல பிள்ளைகளைப் பார்த்த எந்தச் சமூகமும் அனுபவத்தில் அதைக் கண்டுபிடித்திருக்க முடியும். அதை வைத்துப் பூமியின் வயதை எப்படிச் சொல்வது? கையேடு எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

சரி, எரிமலை. செயின்ட் ஹெலன்ஸ் 1980 மே 18 அன்று வெடித்தது. அதற்குப் பின் அதன் வாயில் குழம்பு மேடாக வளர்ந்து, 1986 வரை விட்டுவிட்டு உறைந்தது. பூமியைக் கடவுள் சில ஆயிரம் ஆண்டுக்கு முன்தான் படைத்தார் என்று வாதிடும் ஸ்டீவ் ஆஸ்டின் என்ற புவியியலாளர் 1992-ல் அங்கே ஒரு துண்டை எடுத்து, பொட்டாசியம்-ஆர்கான் முறையில் வயது பார்க்க அனுப்பினார். மூன்றரை லட்சம் என்று வந்தது உண்மைதான். பாறையில் உள்ள பொட்டாசியம் 40 என்ற கதிரியக்க வகை மெல்ல ஆர்கான் வாயுவாக மாறும்; எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வதுதான் இந்த முறை. ஆனால் பொட்டாசியம் 40 பாதியாகக் குறையவே 125 கோடி ஆண்டு ஆகும். பத்தே ஆண்டில் அதிலிருந்து உண்டாகும் ஆர்கான் கருவிக்குத் தெரியவே தெரியாது. லாரி எடைமேடையில் தாலிக்குண்டை நிறுத்துவிட்டு எடைமேடையே பொய் என்பதுபோலத்தான் இது. போதாததற்கு, குழம்பு வெளியே வருமுன்பே பூமிக்குள் உருவாகி, பழைய ஆர்கானைப் பிடித்து வைத்திருந்த படிகங்களும் அந்தப் பாறையில் உண்டு.

அதே ஆர்கானைச் சரியாகக் கையாண்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. இத்தாலியில் பாம்பெய் நகரைப் புதைத்த வெசூவியஸ் எரிமலை வெடிப்பு கி.பி. 79-ல் நடந்தது என்று ரோமானியர் எழுத்திலிருந்தே நமக்குத் தெரியும். 1997-ல் பால் ரென்னி குழுவினர் அந்த வெடிப்பில் விழுந்த படிகங்களை எடுத்து, பழைய ஆர்கானைத் தனியே காட்டிக்கொடுக்கும் முறையில் அளந்தார்கள். 1925 ஆண்டு என்று வந்தது, 94 ஆண்டு கூடக் குறைய இருக்கலாம் என்ற கணக்கோடு. உண்மையான வயது 1918. கையேட்டில் இது இருக்காது.

அணுக்கணக்கே வேண்டாம் என்றால் ஜப்பானின் சுய்கெட்சு ஏரி இருக்கிறது. வசந்தத்தில் நுண்பாசிகள் பெருகி அடியில் வெளிர் கோடாகப் படியும், மற்ற மாதங்களில் கருப்புக் கோடு. ஜோடிக்கு ஓர் ஆண்டு. இந்தக் கோடுகள் 45 மீட்டர் ஆழத்துக்கு, சுமார் 70,000 ஆண்டுக்கு இருக்கின்றன. ஆறாயிரத்துக்குள் அடக்குவதென்றால் வருஷத்துக்குப் பன்னிரண்டு தடவையாவது வசந்தம் வந்திருக்க வேண்டும்! மண்ணை அப்படியே தூண் தூணாக எடுத்துவந்து, பக்கத்தில் ஓர் அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். கோடுகளுக்கு நடுவே விழுந்த இலைகள்கூட அப்படியே கிடைத்திருக்கின்றன.

ஏவாள் கணக்கை நீட்ட வேண்டியதில்லை. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற சிறு உறுப்புக்குத் தனி டிஎன்ஏ உண்டு. தாய்வழி மட்டுமே வரும் அந்த டிஎன்ஏவில், அடிக்கடி மாறுகிற ஒரு சிறு பகுதியை 1997-ல் குடும்பங்களில் பார்த்தார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறிய 327 தடவையில் 10 மாறுதல். இப்படித் தெரியும் மாறுதல்களில் பல, சந்ததி தொடரும்போது காணாமல் போகும். சில அதே இடத்தில் முன்னும் பின்னும் மாறும். அந்த அவசர வேகத்தையே காலமெல்லாம் நீட்டினால்தான் ஆறாயிரம் வரும். அப்புறம், இன்றைய மனிதர் எல்லாருடைய தாய்வழியும் போய்ச் சேரும் பெண்ணைத்தான் 'மைட்டோகாண்ட்ரியா ஏவாள்' என்கிறார்கள். அவள் தன் காலத்தின் ஒரே பெண்ணும் அல்ல. மற்றப் பெண்களின் தாய்வழி இடையில் அறுந்துபோனது, அவ்வளவுதான்.

இதையெல்லாம் ஏற்றால் விசுவாசம் போய்விடும் என்று உங்கள் நாத்தனார் பயந்தால், ஆடம் செட்ஜ்விக்கைப் பற்றிச் சொல்லுங்கள். கேம்பிரிட்ஜில் புவியியல் பேராசிரியர், திருச்சபை குருவானவரும்கூட. சரளைப் படிவுகள் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் வந்தவை என்று நம்பியவர், 1831-ல் லண்டன் புவியியல் சங்கத்தில் தலைவராக நின்று அதைப் பகிரங்கமாக வாபஸ் வாங்கினார். தன்னிடம் புவியியல் கற்ற டார்வினின் கொள்கையை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. குருவாகவேதான் இறந்தார்.