மொரிஸ் மைனருக்கு டைமிங் வைக்க ஒரு சிறிய பல்பு போதும்

யாழ்ப்பாண வாசகர் ஒருவரின் கேள்வி: “என்னிடம் 1965ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000 இருக்கிறது. 1098 சி.சி. இன்ஜின், அதன் இன்ஜின் எண் தகட்டில் 10எம்ஏ-யு-எச் என்று தொடங்குகிறது. புதுப் பாயிண்ட் போட்டபின், மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக் காதால் கேட்டே டைமிங் வைத்தார். ஊருக்குள் அருமையாக ஓடியது. கண்டிக்குப் போகும்போது மாத்தளைப் பக்கத்து ஏற்றத்தில் இன்ஜினில் கிணுகிணுவென்று சத்தம், ரேடியேட்டரும் கொதித்தது. ஸ்ட்ரோப் விளக்கு இல்லாமல் நானே டைமிங் வைக்க முடியுமா? தடைக்காலத்தில் அப்பா இதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?”

முடியும். ஸ்ட்ரோப் என்பது பொறியோடு சேர்ந்து மின்னி, ஓடும் இன்ஜினின் டைமிங்கைக் காட்டும் விளக்கு; அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 12 வோல்ட் பல்பு ஒன்று, இரண்டு துண்டு வயர், இடைவெளி அளக்கும் தகடுகளான ஒரு ஃபீலர் கேஜ், காரோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டில், இவை இருந்தால் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால், உங்கள் மெக்கானிக் செய்தது ஏன் ஊருக்குள் சரியாகவும் மாத்தளையில் தவறாகவும் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது விளங்கினால்தான் மற்றவை மனத்தில் நிற்கும்.

டைமிங் என்பது பிளக்கில் பொறி விழும் கணம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்ற மின்தொடர்பு திறக்கும்போதுதான் அந்தப் பொறி பிறக்கிறது. ஐட்லிங்கில் இன்ஜினுக்குச் சுமையே இல்லை. சிலிண்டருக்குள் போகும் கலவையும் கொஞ்சம்தான். அந்த நிலையில் டைமிங்கை முன்னே தள்ளத் தள்ள ஓட்டம் கூடும், நடுக்கம் குறையும், சத்தம் இனிமையாகும். காதால் வைப்பவர் அந்த இனிமையைத் தேடித்தான் திருப்புகிறார். எனவே அநேகமாக எப்போதும் தேவைக்கு மேல் அட்வான்ஸில், அதாவது பொறி முந்தி விழும் நிலையில்தான் போய் நிறுத்துவார். ஏற்றத்தில் நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டர் முழுக்கக் கலவை நிரம்புகிறது. பிஸ்டன் மேலே வந்து முடியுமுன்பே அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. நம்மை நோக்கி இன்னும் வந்துகொண்டிருக்கும் ஊஞ்சலை எதிர்த்துத் தள்ளினால் கைதான் வலிக்கும். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் நேர்வது அதுதான். கடைசியாக எரியவேண்டிய கலவை அந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதால் வருவதுதான் நீங்கள் கேட்ட கிணுகிணுப்பு. கூடுதல் வெப்பம் தண்ணீருக்குப் போகிறது, ரேடியேட்டர் கொதிக்கிறது. இந்தச் சத்தத்தோடு நெடுந்தூரம் ஓட்டாதீர்கள். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான்.

சரியான புள்ளி ஏன் வேகத்தோடு மாறுகிறது? கலவை எரிந்து முடிய ஏறத்தாழ 2 மில்லிசெக்கண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 600 சுற்றில் அந்த நேரத்தில் கிராங்க் நகர்வது 7 பாகைதான். 3000 சுற்றில் அதே நேரத்தில் 36 பாகை நகர்ந்துவிடும். ஆகவே வேகம் கூடக்கூடப் பொறி முன்னதாகவே விழவேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் அந்த வேலையைச் செய்கின்றன. நாம் கையால் வைப்பது தொடக்கப் புள்ளியை மட்டுமே. எச் என்ற எழுத்து உங்களுடையது உயர் அழுத்த வகை, அதாவது 8.5க்கு 1, என்பதைக் காட்டுகிறது. 1098 சி.சி.யின் இந்த வகைக்குத் தொடக்கப் புள்ளி, பிஸ்டன் உச்சிக்கு 3 பாகை முன்னால். 948 சி.சி. இன்ஜினுக்கும், எல் என்று குறித்த குறை அழுத்த வகைக்கும் எண் வேறு. பக்கத்து வீட்டு மைனருக்கு இதை அப்படியே வைத்துவிடாதீர்கள்.

முதலில் பாயிண்ட் இடைவெளி. இந்த வரிசையை மாற்றவே கூடாது, ஏனென்றால் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும்: அகன்றால் பாயிண்ட் சீக்கிரம் திறந்து அட்வான்ஸ் ஆகும், குறுகினால் பின்தங்கும். டைமிங்கை வைத்துவிட்டு இடைவெளியைத் தொட்டால் செய்த வேலை வீண். ஹேண்டிலால் இன்ஜினைச் சுற்றி, பாயிண்டின் குதி, அதைத் தள்ளித் திறக்கும் கேமின் மேட்டில் சரியாக உச்சியில் நிற்கும்படி கொண்டுவாருங்கள். அங்கே 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கவேண்டும். பழைய பாயிண்டில் ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழுந்திருந்தால் கேஜ் பொய் சொல்லும். அதை மாற்றிவிடுவதே நல்லது. புதியதாக இருந்தால் முகத்தில் பூசியிருக்கும் எண்ணெய்ப் படலத்தைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். கேமில் துளி கிரீஸ் தடவுங்கள், துளிக்கு மேல் வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி கழன்றிருக்கும்போதே மூன்று சோதனைகளைச் செய்துவிடலாம். ரோட்டர் ஓடும் திசை, மேலிருந்து பார்த்தால், கடிகாரத்துக்கு எதிர்த்திசை. அதை விரலால் அந்தத் திசையில் திருப்பிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் தொய்ந்து நின்றால், எடைகள் துருப்பிடித்திருக்கின்றன அல்லது ஸ்பிரிங் போய்விட்டது. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வாக்யூம் குழாயை வாயால் உறிஞ்சினால் பாயிண்ட் பொருந்திய தட்டு அசையவேண்டும். அசையாவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கலாம். மூன்றாவது, ரோட்டர் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாகவே ஆடினால் அதைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட டிஸ்ட்ரிபியூட்டரில் எந்த எண்ணும் நிலைக்காது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங்காகத்தான் ஓடும். அறுபது வருடக் காரில் இதைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இனி குறியைத் தேடுவோம். இக்னிஷன் சாவியை மூடி, நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள், சுற்றுவது எளிதாகும். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலும் மற்ற விரல்களும் ஒரே பக்கம் இருக்கட்டும். அட்வான்ஸ் மிகுந்த இன்ஜின் ஸ்டார்ட் செய்யும்போது ஹேண்டிலைத் திருப்பி உதைக்கும், கட்டைவிரல் வளைத்துப் பிடித்திருந்தால் எலும்பு முறியும். இப்போது உதைக்காது என்றாலும் பழக்கம் எப்போதும் ஒன்றாக இருப்பது நல்லது. ரேடியேட்டர் பக்கம் இருப்பதுதான் முதல் சிலிண்டர். அதன் பிளக் துளையில் விரலை அழுத்தி வைத்து, இன்னொருவரைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றுதான் நமக்கு வேண்டியது. தள்ளாத சுற்றில் நான்காவது சிலிண்டர் அந்த இடத்தில் இருக்கும்.

கிராங்க் புல்லியின் பின்விளிம்பில் ஒரு வெட்டு இருக்கிறது. டைமிங் மூடியின் அடிப்பக்கத்தில் மூன்று முள்கள் நீட்டிக்கொண்டிருக்கும்: நீளமானது உச்சிப் புள்ளி, மற்ற இரண்டும் 5 பாகையும் 10 பாகையும். வெட்டும் முள்களும் அழுக்கில் புதைந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. காரின் அடியில் படுத்துத்தான் பார்க்கவேண்டும், அல்லது கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். தேய்த்துச் சுத்தம் செய்து, வெட்டிலும் முள்களின் நுனியிலும் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வையுங்கள். இன்ஜினை அதன் ஓட்டத் திசையில், முன்னாலிருந்து பார்க்கக் கடிகாரத் திசையில், மெல்லச் சுற்றி, வெட்டு 5 பாகை முள்ளைத் தாண்டி நீள முள்ளை நோக்கிப் பாதித் தூரத்தை அடைவதற்குச் சற்று முன் நிறுத்துங்கள். அது 3 பாகை. விளிம்பில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் என்பதால் கண்ணை நன்றாகக் கூர்மையாக்கிப் பாருங்கள். தாண்டிப் போய்விட்டால் பின்னோக்கிச் சுற்றி அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நிறையவே பின்னே போய், மறுபடி முன்னோக்கி வாருங்கள். டைமிங் செயினிலும் பற்களிலும் இருக்கும் தளர்வு அப்போதுதான் ஒரே பக்கம் ஒதுங்கும்.

இப்போது பல்பு. காயிலில் சி.பி. என்று குறித்த முனையிலிருந்து மெல்லிய வயர் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டு முனைக்கு வருகிறது அல்லவா, அந்த முனையில் பல்பின் ஒரு வயரைச் செருகுங்கள். மற்றதை இன்ஜினின் சுத்தமான இரும்பில் பிடியுங்கள். 5 வாட் பல்பு போதும், பெரியது மங்கலாக எரியும். பேட்டரியின் பாசிட்டிவ் பாடியோடு இணைந்திருக்கும் உங்கள் காரிலும் இது அப்படியே வேலை செய்யும். சாவியைத் திறங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் மின்சாரம் அதன் வழியே பாடிக்குப் போய்விடும், பல்பு அணைந்திருக்கும்; திறந்த கணமே எரியும். பொறி பிறப்பதும் அதே கணத்தில்தான்.

டிஸ்ட்ரிபியூட்டரில் வாக்யூம் டப்பாவுக்கு அருகே சொரசொரப்பான சிறிய நட் ஒன்று இருக்கும், ஏ (முன்தள்ள), ஆர் (பின்தள்ள) என்ற எழுத்துகளும் அம்புக்குறியும் பக்கத்தில் பொறித்திருக்கும். அதை முதலில் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இருபக்கமும் திருப்ப இடம் வேண்டும். அடியில் இருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில், பல்பு அணையும் வரை திருப்புங்கள். இனிக் கடிகாரத் திசையில், மயிரிழை மயிரிழையாக. ஒரு கை ரோட்டரைக் கடிகாரத் திசையில் லேசாக அழுத்தியபடி இருக்கட்டும், பற்களின் தளர்வு நீங்கும். பல்பு கண் சிமிட்டி எரியும் இடத்தில் கையை நிறுத்தி, போல்ட்டை முறுக்குங்கள். முறுக்கும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் சற்று நகர்ந்துவிடுவது வழக்கம். எனவே இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றி, வெட்டு 3 பாகைக்கு வரும்போது பல்பு எரிகிறதா என்று மீண்டும் பாருங்கள். எரியாவிட்டால் திரும்பச் செய்யுங்கள். இடையில் நேரமானால் சாவியை மூடிவிடுங்கள், பாயிண்ட் மூடிய நிலையில் காயில் வீணாகச் சூடேறும்.

அடுத்தது சாலை. அந்த 3 பாகை அக்காலப் பெட்ரோலுக்கும் புது இன்ஜினுக்கும் சொன்னது. உங்கள் தொட்டியில் இருப்பது 92 ஆக்டேனா 95 ஆக்டேனா, சிலிண்டர் தலைக்குள் எத்தனை ஆண்டுக் கரி படிந்திருக்கிறது என்பதெல்லாம் எந்தக் கைநூலுக்கும் தெரியாது. என் கருத்தில் இந்த இன்ஜினுக்கு 95 போடுவதே சரி. யாழ்ப்பாணத்தில் ஏற்றம் கிடையாது. ஆனால் நன்றாகச் சூடேறிய இன்ஜினோடு, நெரிசலில்லாத நேரான சாலையில், டாப் கியரில் மணிக்கு 30 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால் ஏற்றத்தின் சுமையே வந்துவிடும். கிணுகிணுப்பு ஒரு நொடி லேசாகக் கேட்டு மறைந்தால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். தொடர்ந்து கேட்டால் அந்தச் சிறிய நட்டை ஆர் பக்கம் திருப்புங்கள். ஒவ்வொரு சிறு திருப்பலுக்கும் ‘கிளிக்’ என்று விரலில் உணரலாம். 11 கிளிக் ஒரு பாகை. சத்தமே இல்லாமல் இழுவையும் சோம்பலாக இருந்தால் ஏ பக்கம் 11 கிளிக் கொடுத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். காதுக்கு வேலை இங்கேதான், சுமையில்.

மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். 1990களில் தீபகற்பத்துக்குள் பெட்ரோல் வராதபோது, சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்தான் நோயாளிகளையும் பிரசவத் தாய்மாரையும் சுமந்தன. மண்ணெண்ணெயின் ஆக்டேன் மிகக் குறைவு. அதில் ஓட வேண்டுமென்றால் டைமிங்கைப் பின்தள்ளியே ஆகவேண்டும். இப்போது நீங்கள் புதிதாக வைப்பதால் அந்த மாற்றம் தானாக நீங்கிவிடும், தொடக்க எண் மாறாது. ஆனால் அந்த எரிபொருள் விட்டுச்சென்ற கரி தலைக்குள் இருந்தால், அது அழுத்தத்தைக் கூட்டி, சூடேறிக் கனன்று, டைமிங் சரியாக இருந்தாலும் கிணுகிணுப்பைத் தரும். அழுத்தத்தைக் குறைக்க யாராவது தடித்த கேஸ்கெட் போட்டிருந்தால் கதை நேர்மாறு: சத்தமே வராது, இழுவையும் வராது. கம்ப்ரஷன் கேஜ் வைத்திருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 3 பாகையில் வைத்தும், 95 ஆக்டேன் போட்டும், 22 கிளிக் ஆர் பக்கம் போயும் சத்தம் நிற்கவில்லையென்றால் அதற்கு மேல் பின்தள்ளாதீர்கள். தலையைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டிய நேரம் அது. அளவுக்கு மீறிப் பின்தள்ளினாலும் இன்ஜின் கொதிக்கும். எரிந்து முடியாத வாயு எக்சாஸ்ட் வால்வையும் சுட்டுவிடும்.

பின்னர் எப்போதாவது ஸ்ட்ரோப் விளக்கு கிடைத்தால், வாக்யூம் குழாயைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, இன்ஜினின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே பாருங்கள். வெட்டு ஒரே சீராக அட்வான்ஸ் பக்கம் நகரவேண்டும். தாவினால் தண்டின் புஷ், நகராமலே இருந்தால் எடைகள். உங்கள் காரில் பாசிட்டிவ்தான் பாடியில் இருக்கிறது, ஆகவே விளக்கின் சிவப்புக் கிளிப் பாடிக்குப் போகவேண்டும்.

அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது தம்புள்ளையில் நிறுத்தி, ஆர் பக்கம் 11 கிளிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அதே 11ஐ ஏ பக்கம் திருப்பிவிடலாம். நுவரெலியா வரை போவதானால் அங்கே காற்று மெலிவதால் கிணுகிணுப்பு தானாகவே தணியும், மேலும் குறைக்கத் தேவையில்லை. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடியபின் இழுவை மெல்லக் குறைவதாகத் தோன்றினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பாதீர்கள். பாயிண்டின் குதி தேய்ந்து இடைவெளி குறுகியிருக்கும். அதை மறுபடி 0.015 அங்குலத்துக்குக் கொண்டுவந்தாலே டைமிங் பழைய இடத்துக்கு வந்துவிடும்.