மூக்குக்கும் மூக்குக்கும் நடுவே
வாசகர் கேள்வி – பதில்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கிறேன். காதல் பட போஸ்டர் ஒன்றை அலசி எழுதச் சொன்னார்கள். ‘சிவப்பு காதலைக் குறிக்கிறது’ என்று எழுதியதற்கு மார்க்கே இல்லை. எங்கே தொடங்க வேண்டும்?
– வாசகி, நாகர்கோவில்

வண்ணத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு ஸ்கேலை எடுங்கள். காதல் பட போஸ்டரில் பாதிக் கதை இருவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது.

போஸ்டரை ஏ4 தாளில் பிரின்ட் எடுத்து, மேலே டிரேசிங் ஷீட்டை வையுங்கள். இரு முகங்களின் உயரம், மூக்குக்கு மூக்கு தூரம், யாருடைய கண் மட்டம் மேலே இருக்கிறது என்று மூன்றையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். தூரம் ஒரு முக அகலத்துக்கும் குறைவென்றால் பெரும்பாலும் நெருக்கத்தைச் சொல்ல வருகிறார்கள். இரண்டு மூன்று முகம் நுழையும் அளவு என்றால், அங்கே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். படத்தின் தலைப்பா, மழையா, வெறும் வானமா? பிரிவைச் சொல்வது அந்தப் பொருள்தான்.

அடுத்து, கண்களிலிருந்து பார்வைக் கோடு இழுங்கள். இரண்டும் சந்தித்தால் நாம் வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம். அவன் அவளைப் பார்க்க, அவள் நம்மைப் பார்த்தால், நாமும் அந்தக் கதைக்குள் இழுக்கப்படுகிறோம்.

பிறகு படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். முகம் அப்போதும் தனித்துத் தெரிந்தால் அது ஒளியின் வேலை. முகம் பின்னணியில் கரைந்துபோனால் அதுவரை தாங்கிப் பிடித்தது வண்ணம். இப்போது சிவப்புக்கு வாருங்கள். அதே சிவப்பு கொலைப் பட போஸ்டரிலும் இருக்கிறதே! ‘நீலப்பச்சைப் பின்னணியில் சிவப்பு தாவணியில் மட்டும் இருப்பதால் கண் முதலில் அங்கே போகிறது’ என்று எழுதினால் அது சான்று. உங்கள் பழைய வரி வெறும் வாய்ப்பாடு.

முட்டம் கடற்கரையில் அஸ்தமன நேரத்தில் ஜோடியை நிழலுருவமாக எடுத்தோம். போனில் அழகாக இருந்தது, போஸ்டராக அச்சடித்தால் கரிக்கட்டை. ஏன்?
– வாசகர், குளச்சல்

போன் திரை தானே ஒளி வீசுகிறது, தாள் அப்படியில்லை. அதோடு மலிவான போஸ்டர் தாள் மையை உறிஞ்சும். அச்சுப் புள்ளிகள் பரந்து, நடுத்தர நிழல்கள் எல்லாம் ஒரு படி கறுக்கும். கோப்பை ஆர்ஜிபியிலிருந்து (திரைக்கான சிவப்பு, பச்சை, நீல முறை) சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான சயான் என்னும் பச்சைநீலம், மெஜந்தா என்னும் கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மை முறை) மாற்றிய பிறகே திருத்துங்கள். நடு நிழல்களைக் கொஞ்சம் வெளுக்க வையுங்கள். கறுப்புக்காக நான்கு மையையும் கொட்டினாலும் ஆபத்து: ஒரே இடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதக் கூட்டுத்தொகை 300-ஐத் தாண்டினால் மை காயாமல் மேலே அடுக்கும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். போஸ்டர் தாளுக்கு அதற்கும் குறைவாகவே வையுங்கள்.

நிழலுருவத்தில் இரு முகங்களுக்கும் நடுவே வானம் தெரிய வேண்டும். நெற்றியும் மூக்கும் ஒட்டிவிட்டால் இரண்டு பேர் ஒரு பாறையாகிவிடுவார்கள். முட்டத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை, போஸ்டரிலும் எதற்கு?

சுவரில் ஒட்டிய காதல் பட போஸ்டர்கள் சில வாரத்தில் நீலம் பாரித்துப் போகின்றன. அச்சகத்தார் ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், மார்த்தாண்டம்

இல்லை. வெயிலில் முதலில் வெளிறுவது மஞ்சளும் மெஜந்தாவும். சயானும் கறுப்பும் நின்று பிடிக்கும். தோல் நிறம், ரோஜா, அந்திவானம் எல்லாம் மஞ்சளையும் மெஜந்தாவையும் நம்பியிருப்பவை என்பதால், காதல் படங்களுக்குத்தான் அடி அதிகம். வெயில்படும் சுவரில் பழைய போஸ்டரைப் படமெடுத்து அலசப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். ‘சோகத்தைக் காட்ட நீலம்’ என்று வெயில் செய்த வேலையை டிசைனர் கணக்கில் எழுதிவிடுவார்கள்.

ஜோடி இடமாறி நின்றால் நன்றாக இருக்கும் என்று படத்தை அப்படியே திருப்பிப் போடலாமா?
– வாசகி, தக்கலை

போடலாம், மூன்றைப் பார்த்துவிட்டு. முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். சட்டைப் பை இடம் மாறும். பின்னால் கன்னியாகுமரி கடல் இருந்தால் வேண்டவே வேண்டாம்: கரையிலிருந்து பார்க்க விவேகானந்தர் பாறை இடதும் வள்ளுவர் வலதுமாக இருப்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தலைப்பு எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– வாசகர், குழித்துறை

10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்பது விளம்பரத் தொழிலில் வழங்கும் கணக்கு. 30 அடிக்கு அப்பால் பஸ்ஸில் போகிறவருக்கு 3 அங்குலம். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள். எழுத்தின் கோடுகளைத் தடிப்பாக்கினால் ண, ன, ழ போன்றவற்றின் சுழிகளும் வளைவுகளும் அடைபடும். இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியின் உகரக் கீழ்விலங்கு கீழ்வரியின் இகர மேல்விலங்கோடு மோதாமல் இடம் விடுங்கள். மெல்லிய வெள்ளை எழுத்தைப் பல வண்ணப் பின்னணியில் வைத்தால், நான்கு வண்ண அச்சுத் தட்டுகளில் ஒன்று மயிரிழை விலகினாலும் முதலில் காணாமல் போவது புள்ளி. ‘காதல்’ ‘காதல’ ஆகிவிடும். அங்கே புள்ளியை எழுத்துருவில் உள்ளதைவிடப் பெரிதாகத் தனியே வரைந்து வையுங்கள்.