‘கெங்கன் அஷுரா’ பார்க்கலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: நெட்ஃப்ளிக்ஸில் ‘கெங்கன் அஷுரா’ என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) சண்டைத் தொடரை இரண்டு எபிசோடு பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன். அனிமே மாதிரியே இல்லை, வீடியோ கேம் மாதிரி இருக்கிறது. நண்பர்களோ விடாமல் புகழ்கிறார்கள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் சொல்வது சரிதான், அது கண்ணை உறுத்தத்தான் செய்யும். 2019இல் வந்த இந்தத் தொடரில் சண்டைக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்த 3டி உருவங்கள், சுற்றி நிற்கிற பலர் கையால் வரைந்த 2டி, இரண்டும் ஒரே காட்சியில் வரும்போது ஒட்டவே ஒட்டாது. ஆனாலும் திரும்பப் பாருங்கள் என்றுதான் சொல்வேன், அதுவும் அந்த 3டிக்காகவே.

தொடருக்கு மூலமான மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில், ஓவியர் டாரோமியோன் வரைந்த உடம்புகளை நினைத்துப் பாருங்கள். தோள், முதுகு, தொடை என்று ஒவ்வொரு தசைக்கும் தனிக்கோடு. இதை டிவி தொடருக்காகப் படம் படமாகக் கையால் வரைந்து அசைப்பது கிட்டத்தட்ட ஆகாத காரியம். அதனால்தான் பல சண்டை அனிமேக்களில் ஒரு குத்து விழுந்ததும் படம் அப்படியே நிற்கும், பின்னால் கோடுகள் ஓடும், திரை குலுங்கும், நாமும் அடி விழுந்துவிட்டது என்று நம்பிக்கொள்ள வேண்டும். இங்கே அந்த ஏய்ப்பு குறைவு. உருவத்தை ஒருமுறை செய்துவிட்டால் கேமரா அதைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் போகலாம் என்பதால், எந்தக் கால் முதலில் நகர்ந்தது, இடுப்பு எப்போது திரும்பியது, பிடி எங்கே நழுவியது எல்லாம் வெட்டாமல் தெரியும். நாயகன் டோகிடா ஓமாவின் ‘நிகோ பாணி’ என்ற சண்டைக் கலையில் எதிராளியின் வேகத்தையே திருப்பிவிடும் ஒரு முறை உண்டு. அதெல்லாம் அசைவில் பார்த்தால்தான் புரியும்.

குறை எங்கே என்றால் முகத்தில். குத்து வாங்கும் முகத்தைக் கையால் வரைபவர் நசுக்கலாம், இழுக்கலாம், ஒரு நொடிக்கு மூக்கே இல்லாமல்கூட வரையலாம், அந்தக் கோணலில்தான் வலி தெரியும். இங்கே உருவம் கெட்டியாக இருக்கிறது, அதனால் நூறு கிலோ ஆள் விழுந்தாலும் சில இடங்களில் அட்டைப்பெட்டி விழுந்த மாதிரி இருக்கிறது. அழுகை, அவமானம் என்று வந்தால் இன்னும் மோசம்.

அந்த ஓட்டையை அடைப்பவர் யமாஷிதா கசுவோ. 56 வயது, கூனிக் குறுகி நடக்கிற ஆபீஸ்காரர். ஒரு ராத்திரி சந்தில் ஓமா ஒரு பெரிய ஆளை அடித்து வீழ்த்துவதைப் பார்க்கிறார். உடம்பு நடுங்குகிறது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. ஜப்பானியக் கம்பெனிகள் தங்கள் வியாபாரத் தகராறுகளை ஆளுக்கொரு சண்டைக்காரரை இறக்கித் தீர்த்துக்கொள்ளும் உலகத்துக்குள் அப்படித்தான் போகிறார். அவருக்குக் குரல் கொடுத்த ஜப்பானிய நடிகர் சோவின் மூச்சுத் திணறலும் உடைகிற குரலும்தான் முகங்கள் செய்யாத வேலையைச் செய்கின்றன. தயவுசெய்து ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள்.

அப்புறம், செகிபயாஷிக்கும் கியோசானுக்கும் நடக்கும் சண்டை வரையாவது பொறுங்கள். ஒருவர் புரோ ரெஸ்லர், மற்றவர் சுமோ. எதிராளியின் அடியை விலகாமல் வாங்குவதுதான் ரெஸ்லருக்கு மரியாதை என்று செகிபயாஷி நெஞ்சை நிமிர்த்தி நிற்பார், அடுத்தடுத்து அறை விழும், நகரமாட்டார். எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த இடம் அது.

எரிச்சலூட்டுவதும் இருக்கிறது. 32 பேர் மோதும் போட்டி என்பதால் ஆளாளுக்கு ஒரு முன்கதை, அதுவும் சண்டை சூடு பிடிக்கிற நேரம் பார்த்து வரும். ஓரமாக நிற்பவர்கள் ஒவ்வொரு பிடிக்கும் விளக்கம் சொல்வார்கள், நாம் ஏற்கெனவே கண்ணால் பார்த்ததற்கும்கூட. பெண் பாத்திரங்களைப் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகத்தான் வைத்திருக்கிறார்கள், அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

கேள்வி: என் பையனுக்கு 12 வயது. பார்க்க விடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாம். எலும்பு முறிவதும் ரத்தமும் நெருக்கத்தில் வருகின்றன. குத்துச்சண்டையில் ஆர்வம் இருந்தால் 2000இல் தொடங்கிய ‘ஹாஜிமே நோ இப்போ’ அனிமேவைப் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாருங்கள். கூச்ச சுபாவமுள்ள ஒரு பையன் ஒழுங்காகப் பயிற்சி செய்து முன்னேறும் கதை.

கேள்வி: அஷுரா என்றால் நம் அசுரனா? (வாசகர், மதுரை)

பதில்: ஆமாம், அதே சொல்தான். பௌத்தத்தோடு சேர்ந்து ஜப்பானுக்குப் போனது. நாராவில் கோஃபுகுஜி கோயிலில் 8ஆம் நூற்றாண்டு அஷுரா சிலை இருக்கிறது, மூன்று முகம், ஆறு கை. ஓமாவுக்குச் சண்டைக்களத்தில் அந்தப் பெயர்தான்.

கேள்வி: மங்காவை முதலில் படிக்கவா, அனிமேவா? (வாசகர், கோவை)

பதில்: அனிமே. 2019இல் 24 எபிசோடு வந்து, போட்டி முடியாமலேயே நின்றது, இரண்டாவது சீசனுக்கு ரசிகர்கள் 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மீதி 2024இல் வந்துவிட்டதால் உங்களுக்கு அந்தத் தவிப்பு இல்லை. பார்த்து முடித்த கையோடு மங்காவின் 27 தொகுதிகளை எடுங்கள். திரையில் அசையாமல் நின்ற அந்த முகங்களை டாரோமியோன் எப்படி வரைந்திருக்கிறார் என்று அப்போது பாருங்கள்.